தூக்கிப் பார்த்தால் தெரியாது

என் கை நடுங்கவில்லை. இதனை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஏனெனில் இதற்கு நேர்மாறான செய்தி ஒன்று, நான் வீடு திரும்புவதற்கு முன்பே எங்கள் தெருவின் எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டது.

நானும் என் கணவரும் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறோம். அவர் வெட்டுவார், நான் ஏற்றிச் செல்வேன். சன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, கடை முகப்பில் வைக்கும் ஆளுயரக் கண்ணாடி ஆகியவற்றை எங்கள் பழைய பிக்கப் வண்டியின் சாய்வுச் சட்டத்தில் நிறுத்திக் கட்டி, உடையாமல் உரிய இடத்தில் சேர்ப்பது என் தொழில். வண்டியை வாங்கியவர் என் மாமனார். அவர் காலத்திற்குப் பின் அதனை ஓட்டியவள் நான் ஒருத்தியே. கிளட்ச் எவ்விடத்தில் பிடிக்கும், எந்தக் கதவைச் சற்றே தூக்கிச் சாத்த வேண்டும் என்பவற்றையெல்லாம், என் பிள்ளைகளின் இருமலை அடுத்த அறையிலிருந்தே இனம் காண்பதைப் போல நான் அறிவேன்.

விபத்து நிகழ்ந்த முறை பின்வருமாறு. மருந்துக் கடை ஒன்றிற்கான முகப்புக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சென்றேன். முடிதிருத்தகம் அமைந்துள்ள முனையில் இடப்புறம் திரும்ப வேண்டும். வேகத்தைக் குறைத்து ஸ்டீரிங்கைச் சுழற்றினேன். ஸ்டீரிங் சுழன்றது, வண்டி திரும்பவில்லை. மேலும் சுழற்றினேன். அப்பொழுது என் குதிகாலின் கீழே 'டக்' என்று ஓர் அதிர்வு எழுந்தது. மறுகணம் வண்டி, தூக்கத்தில் அதட்டப்பட்டவனைப் போலத் துள்ளி, வேண்டியதற்கு மேல் திரும்பி, நடைபாதையில் ஏறி, விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. பின்னால் கண்ணாடி முழுவதும் ஒரே மூச்சில் இறங்கியது.

முடிதிருத்தகத்தின் வாசல் பெஞ்சில், கழுத்தில் துண்டு சுற்றிய ஒருவர் தம் முறைக்காகக் காத்திருந்தார். அவருடைய முழங்காலுக்கும் எங்கள் பம்பருக்கும் இடையே ஒரு முக்காலி போடும் இடமே இருந்தது. அவர் ஓடவில்லை, எழவும் இல்லை. துண்டை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

முடிதிருத்துபவர் கத்தரிக்கோலுடன் வெளியே வந்தார். எவருக்கும் காயமில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னர், தெரு முழுவதும் கேட்கும்படி, "கண்ணாடிக்காரம்மா! இனிமே ஒரு கண்ணாடி போட்டுக்கிட்டு ஓட்டுங்க!" என்றார். அச்சம் நீங்கிய கூட்டம் எதற்கும் சிரிக்கும். அன்று மிகுதியாகவே சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் அவர் அந்தப் பெஞ்சை இழுத்துக் கடைக்குள்ளே போட்டுக்கொண்டார். சிரிப்பைக் காட்டிலும் அச்செயலே என்னைச் சுட்டது.

வண்டியை அன்றே பட்டறைக்குக் கொண்டு சென்றோம். அங்குள்ள மெக்கானிக்கை எல்லாரும் 'டாக்டர்' என்பர். நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்களை மூடிக் கேட்பது அவர் வழக்கம். அவர் கெட்டிக்காரர். அதனை நான் ஒருபொழுதும் மறுத்ததில்லை.

அவர் ஜாக்கை வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பின்னர் இரு பக்கங்களிலும் பிடித்து ஆட்டினார். ஸ்டீரிங்கைச் சுழற்றத் தொடங்கியது முதல் சக்கரம் அசையும் வரை வீணாகின்ற சுழற்சியைப் பட்டறையில் 'ப்ளே' என்பர். அத்தகைய ப்ளே உள்ளதா என்று அளந்தார். சில மாதங்களுக்கு முன்பு, வண்டி நேராக ஓடாமல் அலைகிறது என்று நான் முறையிட்டபொழுது சக்கரங்களை இழுத்துத் திருப்பும் டை ராட் கம்பிகளின் முனைகளை மாற்றி, வீல் அலைன்மென்ட்டும் செய்தவர் அவரே. இப்பொழுது தம் வேலையைத் தாமே மெச்சிக்கொள்ளும் முகத்துடன் ஒற்றை விரலால் ஸ்டீரிங்கைச் சுழற்றிக் காட்டினார். இரு சக்கரங்களும் அந்தரத்தில் பணிவுடன் திரும்பின.

"பாருங்க அக்கா. ஒரே விரல். சொன்ன பேச்சு கேக்குது. எங்க வீட்டுல யாரும் என் பேச்சை இப்படிக் கேட்டதில்ல."

"ரோட்ல கேக்கலையே, டாக்டரே."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, இரக்கம் நிறைந்த குரலில், "ரோட்ல ஸ்டீரிங்கைப் பிடிச்சிருந்தது யாரு அக்கா?" என்று வினவினார்.

ஏசியிருந்தால் பொறுத்திருப்பேன். இரக்கத்தைப் பொறுக்க இயலவில்லை.

அந்தச் சொல் என்னோடு வீட்டிற்கு வந்தது. எனக்கு முன்பே கண்ணாடி வெட்டும் அறைக்குள் நுழைந்து அமர்ந்துகொண்டது. அந்த அறையில் கம்பளித் துணி விரித்த பெரிய மேசை ஒன்று உண்டு. என் கணவர் அதன்மேல் குனிந்து, மண்ணெண்ணெயில் தோய்த்த வெட்டுக்கருவியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கோடு இழுக்கும்பொழுது அவர் பேசமாட்டார். பேச விருப்பமில்லாதபொழுது கோடு இழுப்பார் என்பதும் உண்மையே.

எனவே பேசியவர் என் கொழுந்தனார். அவர் என் கணவரின் தம்பி. கண்ணாடிகளை இடத்திற்குச் சென்று பொருத்துவது அவர் வேலை. ஆண்டுதோறும் வண்டியின் அடிப்பாகம் முழுவதற்கும் தடித்த கருப்பு பெயிண்ட் பூசுவதும் அவரே. வண்டியின் அடிவயிற்றில் முகம் பார்க்கலாம் என்று பெருமை கொள்பவர் உலகில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

"அண்ணி, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல? நாளைக்கு எங்களுக்கும்தான் வரும்."

"உங்களுக்கு நேத்தே வந்துடுச்சு தம்பி. சாப்பிடக் கூப்பிட்டா மட்டும்தான் காது கேக்குது."

"பாருங்கண்ணே. பேச்சுல மட்டும் அலைன்மென்ட் கொஞ்சம்கூடத் தப்பல."

என் கணவர் கோட்டை முடித்தார். கண்ணாடியின் அடியில் மெல்லத் தட்டினார். அது கோட்டின் வழியே இரண்டாகப் பிரிந்தது. பின்னர் என்னைப் பாராமலே, "திங்கக்கிழமை மருத்துவமனை சன்னலெல்லாம் போகணும். இனிமே கொஞ்ச நாளைக்குத் தம்பி ஓட்டட்டும். நீ கடையில உக்காரு," என்றார்.

நாற்காலியில் அமர்வது இழிவன்று. ஒருவரை இனி எழ வேண்டாம் என்று அமர்த்துவது வேறு.

"நான் ஸ்டீரிங்கை ஒடிச்சேங்க. வண்டி கேக்கல," என்றேன்.

"டாக்டர்தான் பாத்துட்டாரே. ஒண்ணும் இல்லன்னுட்டாரே."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அவர் அடுத்த கோட்டை இழுக்கத் தொடங்கிவிட்டார்.

கொழுந்தனார் கையை நீட்டினார். "சாவியைக் குடுங்க அண்ணி."

வண்டியின் சாவி ஒரு கயிற்றில் என் கழுத்தில் தொங்கியது. அதனை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, "குடுக்க மாட்டேன்," என்றேன்.

"இதென்ன சின்னப் புள்ளைங்க மாதிரி!"

"கொஞ்ச நேரம் முன்னாடி வயசாயிடுச்சுன்னீங்க. இப்ப சின்னப் புள்ளையா? ஏதாவது ஒண்ணுல நில்லுங்க தம்பி. இந்த வண்டியை இப்படியே நீங்க எடுத்துட்டுப் போனா, அதே முனையில உங்களுக்கும் இதேதான் நடக்கும். இன்னைக்குப் பெஞ்சில இருந்தவர் பொழைச்சார். அடுத்த தடவை அங்க நடந்து போறவங்க பொழைப்பாங்கன்னு யார் சொன்னா?"

அறையில் கோடு இழுக்கும் ஒலி மட்டுமே கேட்டது.

மறுநாள் காலை வண்டியில் ஏறி அமர்ந்தேன். நான் செருப்பின்றி ஓட்டுபவள். இரும்புத் தரையில் படும் குதிகால் எனக்கு மற்றொரு காதாகும்.

இவ்விடத்தில் எங்கள் முற்றத்தின் அமைப்பைக் கூறியாக வேண்டும். முற்றம் குறுகியது. அதன் வாசலில் என் மாமனார் தம் கையால் கட்டிய செங்கல் தூண்கள் இரண்டு உள்ளன. மற்றவர்கள் இத்தகைய முற்றத்திலிருந்து வெளியேற, வண்டியைச் சற்றே முன்னும் பின்னுமாக நகர்த்திச் சிறிது சிறிதாகத் திருப்புவார்கள். நாங்கள் அவ்வாறு செய்வதில்லை. பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் நிறுத்திக் கட்டிய கண்ணாடி குலுங்கும் என்பது என் மாமனாரின் கொள்கை. ஆகவே நின்ற இடத்திலேயே ஸ்டீரிங்கை இரு கைகளாலும் இழுத்து முற்றிலும் ஒடித்துவிட்டு, ஒரே வளைவில் வெளியேறுவதே எங்கள் வீட்டு முறை. டயர்கள் சொரசொரப்பான சிமெண்ட்டில் அரைபட்டு முனகும். எங்கள் முற்றத்தில் டயர் தேய்த்த இரண்டு கரிய பிறைகள் உள்ளன.

அன்றும் வழக்கம்போல நின்ற இடத்திலேயே ஒடித்தேன். டயர் முனகியது. ஸ்டீரிங் இறுதி வரை செல்லும்பொழுது, குதிகாலின் கீழே மிக மெல்லிய 'டக்' ஒன்று எழுந்தது.

மீண்டும் ஒடித்தேன். மீண்டும் எழுந்தது.

டாக்டரின் ஒற்றை விரல் என் நினைவிற்கு வந்தது. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கியபொழுது அவற்றை எதிர்க்க எதுவும் இல்லை. எதிர்ப்பு இல்லாதபொழுது அவை பணியாமல் வேறென்ன செய்யும்? என் வண்டி அந்தரத்தில் ஓடுவதன்று. அது தரையில், தன் எடையையும் என் எடையையும் கண்ணாடியின் எடையையும் சுமந்து ஓடுவது.

உள்ளே சென்று கொழுந்தனாரிடம் கூறினேன்: "ஞாயித்துக்கிழமை டாக்டரை இங்க வரச் சொல்லுங்க. நம்ம முற்றத்துல, நான் சொல்ற மாதிரி பாக்கட்டும். ஒண்ணும் இல்லன்னா சாவியை நானே கழட்டி உங்க கழுத்துல மாட்டுறேன். பதக்கம் மாதிரி."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"உங்க அண்ணன்தான் சாட்சி. அவர் பேசலன்னாலும் காது கேக்கும்."

மேசையின்மேல் கோடு ஒருகணம் நின்று, பின்னர் தொடர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் தம் கருவிப்பெட்டியுடனும் ஜாக்குடனும் வந்தார். வந்தவுடன் ஜாக்கைத் தரையில் உருட்டினார். நான் அதனைக் காலால் தடுத்தேன்.

"இது வேணாம்."

"தூக்காம எப்படி அக்கா பாக்குறது? ஊர் உலகத்துல எல்லாரும் தூக்கித்தான் பாப்பாங்க."

"நான் ரோட்ல தூக்கிக்கிட்டா ஓட்டுறேன்?"

டாக்டர் ஜாக்கின் கைப்பிடியைப் பற்றினார். நியாயத்தை உணர்ந்தாரோ, விரைவில் முடித்துக்கொண்டு வீட்டிற்குச் செல்ல எண்ணினாரோ, அறியேன். ஜாக் ஓரமாகச் சென்றது. பின் சக்கரங்களுக்கு மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்தோம். கை பிரேக்கை இழுத்தோம். கொழுந்தனாரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தினேன். எங்கள் வண்டி பவர் ஸ்டீரிங் வருவதற்கு முந்திய காலத்தது. ஆதலின் எஞ்சினை இயக்க வேண்டிய தேவையில்லை.

பழைய அட்டைப் பெட்டி ஒன்றை விரித்துத் தரையில் போட்டேன்.

"நான் படுக்கிறேன் அக்கா. நீங்க எதுக்கு, அழுக்காகும்," என்றார் டாக்டர்.

"நீங்க ஏற்கெனவே பாத்துட்டீங்க. இது என் முறை."

டார்ச் விளக்குடன் வண்டியின் அடியில் நுழைந்தேன். ஸ்டீரிங் தண்டு மேலிருந்து இறங்கி, ஸ்டீரிங் பாக்ஸ் என்னும் இரும்புப் பெட்டிக்குள் செல்கிறது. அந்தப் பெட்டி, வண்டியின் நீளவாட்டில் அமைந்துள்ள சேஸிஸ் சட்டத்தில் போல்ட்டுகளால் பூட்டப்பட்டுள்ளது. எல்லாவற்றின்மீதும் கொழுந்தனாரின் கருப்பு பெயிண்ட் பளபளத்தது.

"ஒடிங்க தம்பி. இடது பக்கம். முழுசா."

டயர் முனகியது. ஒலி எழவில்லை. எதுவும் அசையவும் இல்லை.

"இன்னொரு தடவை."

எதுவும் இல்லை.

மேலிருந்து கொழுந்தனாரின் குரல் இறங்கியது: "அண்ணி, சாவிக்கயிறு எனக்கு அளவு சரியா வருமா? இல்ல கொஞ்சம் நீட்டணுமா?"

டாக்டர் சிரிப்பை இருமலாக மாற்றினார். நான் அட்டையின்மேல் மல்லாந்து கிடந்தவாறு சிந்தித்தேன். என் குதிகால் கேட்டது பொய்யன்று. எனின், அன்றிருந்து இன்று இல்லாதது யாது? அன்று காலை ஒடித்தபொழுது, முதல் நாள் மாலை, பட்டறையிலிருந்து வண்டி திரும்பிய பின் ஏற்றிய அலமாரிக் கண்ணாடிகள் இறக்கப்படாமல் வண்டியிலேயே இருந்தன. முனையில் கம்பத்தை முட்டியபொழுதும் வண்டி சுமையோடு இருந்தது. இன்று வண்டி வெறுமையாக நிற்கிறது.

வெளியே வந்தேன். முற்றத்தின் மூலையில், விபத்தில் உடைந்த கண்ணாடியெல்லாம் மூட்டைகளாகக் கட்டப்பட்டுக் கிடந்தது.

"அதை ஏத்துங்க."

கொழுந்தனார் கீழே குதித்தார். "உடைச்சதையே திரும்ப ஏத்துறதா? இது என்ன அண்ணி வேண்டுதலா?"

"அதே கண்ணாடி. அதே பாரம். ஸ்டீரிங்கைப் பிடிக்கிற ஆள் மட்டும் வேற. அப்பவும் வண்டி சொன்னதைக் கேட்டா, கயிறை எவ்வளவு வேணும்னாலும் நீட்டிக்கோங்க."

அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வானத்தைப் பார்த்தார். அப்பொழுது வெட்டும் அறையின் வாயிலில் அதுவரை அசையாமல் நின்ற என் கணவர் இறங்கி வந்து, ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார். அதன்பின் மற்ற இருவரும் தூக்காமல் இருக்க இயலவில்லை. மூட்டைகளை ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி அடுக்கினார்கள். வண்டி சற்றே தாழ்ந்தது. வேறு சில மூட்டைகளும் ஏறின. நான் மீண்டும் அடியில் நுழைந்தேன்.

"ஒடிங்க."

'டக்.'

என் கன்னத்தில் ஏதோ விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். கருப்பு பெயிண்ட்டின் செதில்.

பெட்டியைப் பூட்டியிருந்த ஒரு போல்ட்டின் அருகில், பெயிண்ட்டில் மயிரிழை போன்ற ஒரு கோடு தென்பட்டது.

"கண்ணாடி சுரண்டுற பிளேடைக் குடுங்க," என்றேன். என் கணவர் குந்தி அமர்ந்து, பிளேடைத் தரையோடு தள்ளினார். அவர் முகம் தலைகீழாக, மிக அருகில் தெரிந்தது. "கையைப் பாத்து," என்றார்.

பெயிண்ட்டைச் சுரண்டினேன். ஆண்டுக்கொரு பூச்சாக அடுக்கடுக்காக உரிந்தது. அதற்கு அடியில் செந்நிறத் துருத்தூள் உதிர்ந்தது.

"இப்ப ஒடிங்க தம்பி. மெதுவா."

டயர் தரையைப் பற்றிக்கொண்டு திரும்ப மறுத்தது. அப்பொழுது போல்ட் துளையிலிருந்து தொடங்கிய விரிசல் ஒன்று சட்டத்தில் வாய் திறந்தது. ஸ்டீரிங் பாக்ஸ் சக்கரத்தைத் திருப்புவதற்குப் பதிலாகச் சட்டத்தின் ஒரு துண்டோடு தானே எழும்பியது. எழும்பி, 'டக்' என்று அமர்ந்தது. அமர்ந்த பின்னரே சக்கரம் துள்ளித் திரும்பியது. முடிதிருத்தகத்தின் முனையில் நடந்தது யாவும் என் மூக்கிற்கு மேலே மீண்டும் நடந்தது.

நான் கூவவில்லை. "டாக்டரே, வாங்க. வந்து படுங்க," என்று மட்டும் கூறினேன்.

அவர் வந்து என் அருகில் படுத்தார். "ஒடிங்க தம்பி."

அவர் டார்ச்சை என்னிடமிருந்து வாங்கி விரிசலை ஒட்டிப் பிடித்தார். பின்னர், "இன்னொரு தடவை," என்றார். அதன்பின் மிகத் தாழ்ந்த குரலில், "அக்கா, சட்டமே கொட்டாவி விடுது," என்றார்.

"என் கையா, டாக்டரே?"

"உங்க கை எப்படி இதைப் பிடிச்சு இவ்வளவு நாள் ஓட்டுச்சுன்னுதான் தெரியல."

"அதைத் தெருவுக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க. அன்னைக்கு நீங்க இரக்கப்பட்டது மட்டும் சத்தமாக் கேட்டுச்சு."

அவர் அட்டையின்மேல் கிடந்தவாறே உரக்கக் கூறினார்: "வண்டிதான்! சேஸிஸ் உடைஞ்சிருக்கு! அக்கா கை இல்ல!"

அடுத்து கொழுந்தனாரைக் கீழே படுக்கச் செய்து, நான் மேலே ஏறி ஒடித்தேன். அவர் எழுந்து வந்தபொழுது முகம் வெளிறியிருந்தது.

"வருஷா வருஷம் பெயிண்ட் அடிச்சேனே..."

"அதான் வினை!" என்றார் டாக்டர். "துரு வெளிய தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ பிடிச்சிருப்பேன். நீங்க புண்ணுக்குப் பவுடர் போட்டு மறைச்சிருக்கீங்க."

"நீங்க மட்டும்? தூக்குன போதெல்லாம் கண்ணை வீட்டுல வச்சுட்டு வந்தீங்களா?"

"பெயிண்ட்டுக்குள்ள எட்டிப் பாக்க நான் என்ன கரையானா?"

"ரெண்டு பேரும் அப்புறம் சண்டை போடுங்க," என்றேன். "முதல்ல பாக்ஸைக் கழட்டணும்."

டாக்டர் தயங்கினார். "அக்கா, நாளைக்குத்தானே மருத்துவமனை வேலை? இப்போதைக்கு மேலாக ஒரு வெல்டிங் வச்சு, போல்ட்டை இறுக்கித் தரேன். நாளைக்கு ஓடும்."

"நாளன்னைக்கு?"

"அது... மெதுவாப் பாத்துக்கலாம்."

"மெதுவாப் பாத்துத்தான் இங்க வந்து நிக்குது. கழட்டுங்க. வேலை முழுசா முடியற வரைக்கும் இந்தச் சாவி என் கழுத்தை விட்டு இறங்காது."

இப்பொழுது எல்லாரும் என் கணவரைப் பார்த்தனர். திங்கட்கிழமை என்று வாக்களித்தவர் அவர். அவர் சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, மருத்துவமனைக் கட்டட மேற்பார்வையாளரை அழைத்தார். "நாளைக்கு வர முடியாதுங்க. வண்டியோட சட்டத்துல விரிசல். ரிப்பேர் ஆகி வரணும்," என்றார். எதிர்முனை ஏதோ கேட்டது. அவர் என்னை நேராகப் பார்த்துக்கொண்டே விடை கூறினார்: "இல்லைங்க. அவ கை இல்ல. வண்டி. அவதான் கண்டுபிடிச்சா. அவளேதான் ஓட்டிட்டு வருவா."

அவர் தொலைபேசியில் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

வண்டியைக் கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துச் சென்றார்கள். நானும் சென்றேன். ஒவ்வொரு வேலையையும் அருகிலிருந்து பார்த்தேன். டாக்டர் இருமுறை முகம் சுளித்தார். மூன்றாம் முறை முக்காலி கொண்டுவந்து போட்டார். பாக்ஸைக் கழற்றிய பின், கிரைண்டரால் பெயிண்ட்டையும் துருவையும் நீக்கி வெறும் இரும்பாக்கினார்கள். விரிசல் மேலும் பரவாமல் இருக்க அதன் நுனியில் ஒரு சிறு துளை இடுவது முறையாகும். டாக்டர் ஓரிடத்தில் டிரில்லை வைத்தார்.

"நுனி அது இல்ல," என்றார் என் கணவர். அன்று கடையை மூடிவிட்டு அவரும் வந்திருந்தார். "கண்ணாடியிலயும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியிற இடத்தைத் தாண்டி ஓடியிருக்கும்." தம் மண்ணெண்ணெய்ப் புட்டியைத் திறந்து இரும்பின்மேல் தடவித் துடைத்தார். பின்னர் சுண்ணாம்புக்கட்டியைத் தூளாக்கி அதன்மேல் தேய்த்தார். சிறிது நேரத்தில், விரிசலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் கசிந்து, வெண்தூளின்மேல் கருத்த இழையாக எழுந்தது. அது டாக்டர் குறித்த இடத்திற்கு அப்பாலும் ஒரு விரல் நீளம் சென்றிருந்தது.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் இதையெல்லாம் எங்க வச்சிருந்தார்?" என்று நான் டாக்டரிடம் வினவினேன்.

"பெயிண்ட்டுக்கு அடியில அக்கா," என்றார் டாக்டர். என் கணவரும் சிரித்துவிட்டார்.

உண்மையான நுனியில் துளையிட்டு, விரிசலை அகழ்ந்து, ஆழமாக வெல்டிங் செய்தார்கள். அதற்கு மேலே கனத்த இரும்புத் தகடு ஒன்றை வைத்துச் சுற்றிலும் பற்றவைத்தார்கள். சட்டம் உட்புறம் வெற்றிடமாக இருப்பதால், போல்ட்டை இறுக்கும்பொழுது அது நசுங்காமல் இருக்க உள்ளே குழாய்த் துண்டுகளைச் செருகினார்கள். பாக்ஸின் உட்புறத் தேய்மானத்தைச் சரிபார்த்து, மீண்டும் பூட்டி, சக்கரங்களை நேர்செய்தார்கள். இறுதியில் டாக்டர் ஜாக்கைத் தொடாமலே தரையில் படுத்து, "அக்கா, ஒடிங்க," என்றார். எழுந்தபொழுது அவர் முதுகில் எங்கள் வீட்டு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதனைக் கூறவில்லை.

கொழுந்தனார் பெயிண்ட் டப்பாவுடன் வந்து நின்றார்.

"அந்த இடத்துல மட்டும் வேணாம் தம்பி. எண்ணெய் தடவுங்க. அது எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

அவர் டப்பாவை மூடினார்.

மருத்துவமனைச் சன்னல்களை ஏற்றிய காலை வந்தது. கண்ணாடிகள் சாய்வுச் சட்டத்தில் வரிசையாக நின்றன. கொழுந்தனார் என் அருகில் ஏறி அமர்ந்தார். என் கணவர் வாசலைத் திறந்தார். நான் வழக்கம்போல நின்ற இடத்திலேயே ஸ்டீரிங்கை ஒடிப்பேன் என்று எல்லாரும் காத்திருந்தனர்.

நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்ன அண்ணி?"

"அந்த இடப்பக்கத் தூணை எடுங்க."

"எது, அப்பா கட்டின தூணையா?"

"அப்பா வாங்கின வண்டி இது. இத்தனை வருஷம் நின்ன இடத்துலயே ஒடிச்சு ஒடிச்சுத்தான் சட்டம் பிளந்துச்சு. தூண் நிக்கணுமா, வண்டி ஓடணுமா?"

"இன்னைக்கு ஒரு தடவை மட்டும் ஒடிச்சு எடுத்துடுங்களேன். அப்புறமாப் பாத்துக்கலாம்."

"எல்லாத் தடவையும் ஒரு தடவைதான் தம்பி. இனிமே நான் நின்ன இடத்துல ஒடிக்க மாட்டேன். உருண்டுக்கிட்டேதான் ஒடிப்பேன். அதுக்கு இடம் வேணும்."

என் கணவர் தூணைப் பார்த்தார். அதன் உச்சியில் அவருடைய தந்தையின் விரல் தடங்கள் சிமெண்ட்டில் பதிந்திருந்தன. அவர் கடைக்குள் சென்றார். கோடு இழுக்கச் செல்கிறார் என்றே எண்ணினேன். என்ன ஆயினும் இருக்கையிலிருந்து இறங்குவதில்லை என்று உறுதி கொண்டு, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அவர் பெரிய சுத்தியலுடன் திரும்பி வந்தார்.

"இறங்குடா," என்றார் தம்பியிடம். "வாசக் கதவைக் கழட்டிப் பிடி. கண்ணாடிப் பக்கம் கல்லு தெறிக்காம சாக்கைக் கட்டு."

முதல் அடியில் தூணின் உச்சி உடைந்தது. விரல் தடம் பதிந்த துண்டை மட்டும் அவர் எடுத்துச் சன்னல் விளிம்பில் வைத்தார். பின்னர் நிறுத்தாமல் அடித்தார். செங்கற்களை அகற்றித் தரையைக் கூட்டிய பின், ஓரமாக நின்று, கையை அசைத்து எனக்கு வழி காட்டினார்.

வண்டியை உருட்டினேன். உருண்டுகொண்டிருக்கையில் ஒடித்தேன். டயர் முனகவில்லை. தரையிலிருந்த கரிய பிறைகள் இரண்டையும் தாண்டி வண்டி தெருவில் இறங்கியது.

முடிதிருத்தகத்தின் முனை வந்தது. கொழுந்தனார் டாஷ்போர்டை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். நான் ஸ்டீரிங்கைச் சுழற்றினேன். சுழற்றிய அளவே வண்டி திரும்பியது. குதிகாலின் கீழே எஞ்சினின் சீரான அதிர்வன்றி வேறெதுவும் இல்லை. பின்னால் ஒரு கண்ணாடியும் சிலிர்க்கவில்லை.

திருப்பத்தை முடித்ததும் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். முடிதிருத்துபவர் கத்தரிக்கோலுடன் எட்டிப் பார்த்தார். காத்திருப்போர் கடைக்குள்ளே ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் அமர்ந்திருந்தனர்.

"என்னங்க, கண்ணாடி போடலையா?" என்றார் அவர், ஆனால் குரல் முன்போல் ஏறவில்லை.

"போடல. ஏத்திட்டுத்தான் போறேன்," என்றேன். "பெஞ்சை எடுத்து வெளிய போடுங்க. பழைய இடத்துலயே போடுங்க. நான் திரும்பி இந்த வழியாத்தான் வருவேன்."

அவர் என்னைப் பார்த்தார். விளக்குக் கம்பத்தைப் பார்த்தார். பெஞ்சின் நான்கு கால்களும் கடை வாசலைத் தாண்டி வெளியே வந்து அமரும் வரை நான் கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கவில்லை.